பதினான்காம் பக்கம்

மார்ச் 3

அன்பு மகளுக்கு,

கடவுள் புண்ணியத்தில் நலம். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. போனில் பிடித்தால் "மீட்டிங்மா" என்பாய். கடிதத்துக்கு மீட்டிங் கிடையாது, அதனால் எழுதுகிறேன்.

உன் அறிக்கையை அகராதியும் பென்சிலுமாக ஒன்பது நாளில் படித்து முடித்தேன். பயங்கரவாதத்தைத் தடுக்க எப்படிச் சட்டம் வேண்டும் என்று சட்டசபைக் குழுவிடம் வாதாடுவதுதான் உன் வேலை என்று இனி யார் கேட்டாலும் தடுமாறாமல் சொல்வேன். அட்டையில் அப்பா படம். ரயில் நிலையக் குண்டுக்குப் பலியான மனிதர், சிரித்துக்கொண்டிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சந்தேகத்தில் பிடித்தவரை வீட்டுக்குச் சொல்லாமல் முப்பது நாள் வைத்திருக்கலாம் என்று பதினான்காம் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். அது எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. அதற்கு அவர் படத்தைத் தர மாட்டேன்.

அம்மா

மார்ச் 11

அன்புள்ள அம்மா,

கேட்காமல் போட்டது தப்பு. விதி தப்பில்லை. ஒருவனைப் பிடித்தது வெளியே தெரிந்தால் கூட்டாளிகள் அத்தனை பேரும் நழுவிவிடுவார்கள். அன்றைக்கு அப்படி யாரையாவது பிடித்து வைத்திருந்தால் அப்பா இருந்திருப்பார். இத்தனை வருஷமாக நான் இந்த வேலையில் கிடப்பதே அதற்காகத்தான். நீங்களே குண்டு வைக்கிறவர்கள் பக்கம் பேசினால் எப்படிம்மா? இருபத்தாறாம் தேதி குழுவின் முன் பேசுகிறேன். படம் வேண்டும்.

உங்கள் மகள்

மார்ச் 17

கண்ணு,

நான் யார் பக்கமும் பேசவில்லை. கடவுளிடம் மட்டும் சொல்லியிருந்ததை இன்று உனக்கு எழுதுகிறேன்.

குண்டு வெடித்ததும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினேன். உனக்கு எட்டு வயது. அப்பா வெளியூரில் என்று சொல்லி வைத்திருந்தேன். நாலாவது ஆஸ்பத்திரி வாட்ச்மேன், "லிஸ்ட் இருக்கும்மா, காட்டத்தான் உத்தரவு இல்ல" என்றார். காயம்பட்டவர்களுக்குள்ளேயே குண்டு வைத்தவன் இருக்கலாம் என்று போலீசுக்குச் சந்தேகமாம். வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் உள்ளே விட்டார்கள். அன்று காலை வரை அப்பா உயிரோடு இருந்திருக்கிறார். என்னைக் கேட்டாராம்.

சொன்னால் உன் மனசு கசந்துவிடும் என்றுதான் மறைத்தேன்.

அம்மா

மார்ச் 28

அம்மா,

உங்கள் கடிதத்துக்குப் பிறகு குழுவின் முன் அந்தப் பக்கத்தை என்னால் வாய்விட்டுப் படிக்க முடியவில்லை. ஒரே நாளில் வீட்டுக்குச் சொல்லியாக வேண்டும் என்று திருத்தக் கேட்டேன். எங்கள் நிறுவன இயக்குநர் பக்கத்தில் இருமிக்கொண்டே இருந்தார். குழுத் தலைவர், "நீங்க எழுதினதுதானே மேடம்?" என்றார். "தெரியாம எழுதிட்டேன் சார்" என்றேன். காரணத்தைச் சொல்லவில்லை; அது உங்களுடையது.

மூன்று நாள் என்று முடித்துவிட்டார்கள். அதற்குமேல் இறங்கி வரவில்லை. உறுப்பினர்கள் ஓட்டுப் போடுவதற்கு முன் திருத்திய அறிக்கை பத்தாம் தேதி அச்சுக்குப் போகிறது. அட்டையிலிருந்து அப்பாவை எடுத்துவிட்டேன்.

மகள்

ஏப்ரல் 2

கண்ணு,

நீ எழுந்து நின்று கேட்டதே எனக்கு நிறைவு. நேற்றுதான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மூன்று நாள் எவ்வளவு நீளம் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை போலிருக்கிறது. படத்தைப் போட்டுக்கொள். அட்டையில் வேண்டாம், பதினான்காம் பக்கத்தில் அந்த வரிக்கு நேராகப் போடு. கீழே இப்படி எழுது: 'இவர் மூன்று நாள் உயிரோடு இருந்தார். வீட்டுக்குச் சொல்லவில்லை.'

அம்மா