மூன்றாவது சிலிண்டரில் வந்த சத்தம்

பாசமுள்ள அண்ணனுக்கு,

நீ போய் நாற்பது நாள் ஆகப்போகிறது. வெள்ளம் வடிந்த பிறகு நீ ஓட்டிய வாடகைக் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்து, முதலாளியின் கொட்டகையில் நிறுத்தியிருக்கிறார்கள். கதவு இடுக்கிலெல்லாம் இன்னும் சேறு.

ஊரில் உன்னைப் பற்றி என்ன பேசினார்கள் தெரியுமா? குடித்துவிட்டுத் தரைப்பாலத்து வெள்ளத்தில் காரை விட்டாயாம். குடியே அறியாதவன் நீ. அந்தப் பேச்சுக்குப் பயந்து மதினி வாசலுக்கே வருவதில்லை.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கடைசியாக அதே கொட்டகையில் என்ஜினைச் சோதித்த காலை நினைவிருக்கிறதா? மேட்டில் வண்டி இழுக்கவில்லை என்று பிளக்கை ஒவ்வொன்றாகக் கழற்றி, அந்த ஓட்டையில் பம்பு டியூபைப் பொருத்திக் காற்றடித்தாய். சிலிண்டரில் நிற்காமல் காற்று எந்த வழியாகக் கசிகிறது என்று காது வைத்துக் கேட்பது என் வேலை. முதலில் கார்புரேட்டர், அப்புறம் ஆயில் ஊற்றும் வாய், கடைசியில் பின்னால் போய்க் குனிந்து சைலன்ஸர்; அங்கே சத்தம் கேட்டால் வால்வு கெட்டிருக்கிறது என்று சொல்லித் தந்திருந்தாய். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட என்னை நம்பி யாரும் வேறு வேலை கொடுத்ததில்லை.

அன்று முதலாளி வீட்டுக்குள் இருந்தார். அவரைப் பார்க்க வந்த நாலைந்து பேர் வண்டிக்குப் பின்னால் வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றார்கள். மூன்றாவது சிலிண்டருக்காக நான் குனிந்தபோது ஒருவர் கேட்டார்:

"ஏத்தா, அதுல என்ன ரேடியோவா பாடுது? சமைஞ்ச புள்ள இப்புடியா குனிஞ்சு நிப்பா?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவிலும் உஸ்ஸென்று காற்று வந்தது. கேட்டேன் அண்ணே. கேட்டும், தாவணியை இழுத்துவிட்டுக்கொண்டு முன்பக்கம் ஓடி வந்துவிட்டேன்.

"சத்தம் இருக்கா தங்கச்சி?"

"இல்லண்ணே."

"நல்லாக் கேட்டியா?"

தலையாட்டினேன். இருக்கிறது என்று சொன்னால் இன்னொரு தடவை போய்க் கேட்கச் சொல்வாய். அந்த ஆட்கள் முன்னால் மறுபடி குனிய வேண்டும். அவ்வளவுதான் காரணம்.

நீ புதுப் பிளக்கைப் போட்டு மூடினாய். அடுத்த வாரமே அந்த மழை. உனக்கு முன்னால் போன வண்டிகளெல்லாம் பாலத்தைத் தாண்டிவிட்டன. உன் வண்டி மட்டும் நடுவில் நின்றது. இறங்கி முன்னால் ஹேண்டில் போட்டு என்ஜினைச் சுற்றிக்கொண்டிருந்தபோது தண்ணீர் ஏறி உன்னை அடித்துக்கொண்டு போய்விட்டதாம். அந்த நேரத்தில் என்ன நினைத்தாய் அண்ணே?

நேற்று அறந்தாங்கி மெக்கானிக் வந்து என்ஜினைப் பிரித்தார். வண்டியில் கிடந்த உன் துணிமணியை எடுத்துப் போக மதினியும் நானும் போயிருந்தோம். அன்று சிரித்தவர்களும் அங்கே நின்றார்கள்.

"மூணாவதுல வால்வு எரிஞ்சு கெடக்கு. தண்ணி வால்வை எரிக்காதுங்க. இது முன்னாடியே உள்ள கோளாறு" என்றார் மெக்கானிக்.

"பாத்தீங்களா? சோதிச்சுப் பாக்காமயே வண்டிய எடுத்திருக்கான் குடிகாரப் பய" என்றார் முதலாளி.

"சோதிச்சோம்" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. "எங்கண்ணன் காத்தடிச்சுப் பாத்துச்சு. மூணாவதுல சத்தம் வந்துச்சு. நாந்தான் இல்லைன்னு பொய் சொல்லிட்டேன். அண்ணன் குடிக்காது."

யாரும் சிரிக்கவில்லை. ரேடியோவா என்று கேட்டவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தோம். படியேறும்போது மதினி, "அவுக ஒன்னய நம்புனாக" என்றது. அதற்குப் பிறகு என்னோடு பேச்சில்லை. வட்டிலில் சோற்றைப் போட்டு என் பக்கம் தள்ளிவிட்டுத் திரும்பிக்கொள்கிறது.

குடிகாரன் என்ற பேச்சு இன்று ஊரில் அடங்கிவிட்டது. இப்போது பேச்செல்லாம் என்னைப் பற்றித்தான். பேசட்டும்.

ஒன்றும் அறியாத உன் மகள் இன்னும் என் மடியில்தான் தூங்குகிறாள். அவளுக்கு விவரம் தெரிகிற வயதில், வேறு யாரும் சொல்வதற்கு முன்னால் நானே அவளை உட்காரவைத்துச் சொல்லிவிடுவேன். கேட்ட பிறகு அவள் என்னிடம் வருவாளா அண்ணே? வராமல் போனாலும் சொல்வேன்.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
வள்ளி