அழாத தேவனின் ஊழியருக்கு

வாசல் வழியாகப் புஷ்பக் காவடிகள் மலைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. பூ வாசனை உள்ளே வந்து, நீங்கள் ஜெபிக்க உட்காரும் நாற்காலி வரைக்கும் நிறைந்துவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் எழுந்து சன்னலைச் சாத்தியிருப்பீர்கள். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, நான் சாத்தவில்லை. உங்களோடு பேச எனக்கு இன்னும் பாக்கி இருக்கிறது. அதில் நல்ல வார்த்தை அதிகம் இருக்காது.

திருத்தணி ஆந்திராவுக்கா சென்னைக்கா என்று ஊரே சண்டை போட்டுக்கொண்டிருந்த வருஷம் நம் லில்லி போனாள். நாலு வயசு. விஷக்காய்ச்சல். எதிர்வீட்டு முனியம்மா தறியை விட்டு எழுந்த கையோடு, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். பின்னாலேயே தெருப் பெண்கள். என்னைக் கட்டிக்கொண்டு அழத்தான் வந்தார்கள். நீங்கள் வாசலை மறித்து நின்றீர்கள். சபைக்கு உபதேசியார் அல்லவா, உங்கள் வீட்டில் ஒப்பாரி கேட்டால் கௌரவம் என்ன ஆவது?

“ஒப்பாரில்லாம் இங்க வேணாம்மா. எங்க தேவன் அழற தேவன் இல்ல. அவருக்கு துக்கமும் கெடயாது, கோவமும் கெடயாது,” என்றீர்கள்.

முனியம்மா உங்களைத் தாண்டி என்னைப் பார்த்தாள். நான் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள்.

அடக்கம் முடிந்து வந்ததும் உங்களிடம் கேட்டேன். “பெத்த புள்ள சிலுவைல தொங்கினப்போ அந்தத் தகப்பனுக்கு ஒண்ணுமே ஆவலையாங்க?” சினேகிதனின் கல்லறை முன்னால் இயேசு அழுதாரே என்றும் கேட்டேன். வேதசாஸ்திரப் பள்ளியில் படித்ததையெல்லாம் நாக்கு நுனியில் வைத்திருந்தீர்கள்.

“அழுதது, பாடுபட்டது எல்லாம் மனுஷ சுபாவம். தெய்வ சுபாவத்துக்கு வலி கெடயாது. நம்ம வலி அவரயே அசச்சிட்டா, அப்புறம் நம்மள யாரு தாங்கறது?”

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. வெள்ளத்தில் போகிறவளைத் தூக்கக் கரையில் காலூன்றி நிற்கிறவன்தான் வேண்டும். ஆனால் அவன் கையையாவது நீட்ட வேண்டாமா? நீங்கள் ரசம் இருக்கிறதா என்று கேட்டீர்கள்.

அந்த ஆடிக் கிருத்திகைக்கு முனியம்மாவோடு மலையேறினேன். அந்தச் சாமியைக் கும்பிடப் போகவில்லை, கைகூடக் குவிக்கவில்லை. சூரனை அழித்த கோபம் இங்கே வந்துதான் தணிந்தது என்பார்கள். கோபம் தெரிந்த அந்தச் சாமியின் முன்னால் ஜனங்கள் அழுதார்கள், ஆடினார்கள். யாரும் யாரையும் ஏன் என்று கேட்கவில்லை. படியோரமாக உட்கார்ந்து, லில்லியின் பேரைச் சொல்லித் தொண்டை கட்டும்வரை அழுதேன். முனியம்மா முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். “எத்தினி நாளா அடக்கிகினு இருந்தியோம்மா, அழு,” என்றாள்.

யாரோ உங்களிடம் வத்தி வைத்துவிட்டார்கள். நற்கருணை கொடுக்கப் பாதிரி ஐயர் வந்த ஞாயிற்றுக்கிழமை, அவரிடம் சொல்லி எனக்கு அப்பம் கொடுக்காமல் தாண்டிப் போக வைத்தீர்கள். அதோடு விட்டீர்களா? சபைக்கு முன்னால் எழுப்பி நிறுத்தி, மலையில் என்ன செய்தாய் என்று கேட்டீர்கள்.

“அழுதேங்க,” என்றேன்.

உங்கள் காது சிவந்தது, குரல் நடுங்கியது. கோபமே இல்லாத தேவனின் ஊழியருக்கு எவ்வளவு கோபம்! அந்த அவமானத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

அதற்குப் பிறகும் உங்களுக்குச் சோறு போட்டேன், அங்கியைத் துவைத்துக் கஞ்சி போட்டேன். மன்னிக்கவில்லை. நீங்கள் போன அன்று முனியம்மா வாசலோடு நின்றுவிட்டாள். நான்தான் உள்ளே கூப்பிட்டேன். உங்களுக்காக அவள் நன்றாகவே அழுதாள். எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. என்ன விசுவாசம் என்று சபையார் மெச்சிக்கொண்டார்கள்.

நான் ஜெபிப்பதை நிறுத்தவில்லை. உங்கள் பாடத்தில் இருந்த தேவனிடம் அல்ல. நீங்கள் வாசலை மறித்து நின்றபோது, உள்ளே என் பக்கத்தில் உட்கார்ந்து லில்லிக்காக அழுதவரிடம். பிதற்றல் என்பீர்கள். இருக்கட்டும், என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அவரிடம் தினமும் எதையெதையோ கேட்கிறேன். உங்களுக்காக அழுதாரா என்று மட்டும் இதுவரை கேட்டதில்லை.