பிள்ளையைக் கேட்டு வீடு வீடாகப் போனது குறித்து

மனுதாரர்:
லூர்துமேரி, சவுரிராயன் மனைவி,
ஒலக்கூர் சேரி, திண்டிவனம் தாலுகா.
(தற்சமயம் விழுப்புரம் இரயிலடிக்கு வெளியே மரத்தடியில் இருப்பவள்)

பெறுபவர்:
ஜில்லா கலெக்டர் துரை அவர்கள் சமூகம்,
தென்னாற்காடு ஜில்லா, கடலூர்.

விஷயம்: காணாமற்போன மகளைத் தேடி வீடு வீடாய்ச் சென்றதை யாசகம் என்று கருதி என் புருஷனைச் சிறையில் வைத்திருப்பது, அதே காரணத்தால் எனக்கும் தெருவில் நுழையத் தடை விதித்திருப்பது.

கனம் பொருந்திய ஐயா அவர்களுக்கு,

1. என் புருஷன் சென்னைத் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். சென்ற சித்திரையில் யுத்தத்தில் குண்டு விழும் என்று பட்டணமே காலியானபோது நாங்களும் எங்கள் ஒரே மகள் சின்னக்கண்ணுவுடன் இரயிலேறினோம். ஒலக்கூரில் இறங்க வேண்டியவர்கள். வண்டியில் இருந்த நெரிசலில் வாசலுக்கே வர முடியவில்லை. திண்டிவனத்திலும் முடியவில்லை. விழுப்புரத்தில் ஜனங்கள் எங்களைத் தள்ளிக்கொண்டு இறங்கினார்கள். கீழே நின்று பார்த்தபோது பிள்ளை இல்லை. கையை விட்டது நானா அவரா என்று இன்றுவரை நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

2. சின்னக்கண்ணுவுக்கு ஏழு வயது. பிறந்தது முதல் காது கேளாது, வாய் பேசாது. வலது முழங்கைக்குக் கீழே கஞ்சி கொட்டிய தழும்பு உண்டு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். தான் யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லவும் அவளால் ஆகாது. இரயிலடியில் முறையிட்டோம். அன்று தொலைந்தவர்கள் பலர் என்றும், தகவல் வந்தால் சொல்வதாகவும் கூறினார்கள். ஆகவே அவளைக் கண்ணால் கண்டுதான் மீட்க வேண்டும் என்று என் புருஷன் சுற்றுவட்டாரமெல்லாம் நடக்கத் தொடங்கினார்.

3. எங்கள் ஜனங்கள் வாசலில் நின்று குரல் கொடுத்தால் எல்லா வீட்டாரும் வெளியே வருவதில்லை என்பதைத் துரையவர்கள் அறிவீர்கள். அதனால் அவர் ஒரு பிஸ்கோத்துத் தகரத்தைக் குச்சியால் தட்டிக்கொண்டு போனார். சத்தம் கேட்டு யாராவது எட்டிப் பார்த்தால், பிள்ளையின் மாற்றுப் பாவாடையைக் காட்டி, “இந்தத் துணியில சட்டை போட்டுக்கினு ஒரு ஊமைப் பொண்ணு வந்துதுங்களா?” என்று கேட்பார். வேறு ஒன்றும் அவர் கேட்டதில்லை.

4. விழுப்புரத்தை அடுத்த கீழைப்பேட்டையில், அனுமதிச் சீட்டில்லாமல் வீடு வீடாகச் சென்றோ பொது இடத்தில் நின்றோ எவரும் எதையும் யாசிக்கக் கூடாது, சத்தமிட்டோ தட்டியோ கூப்பிடக் கூடாது என்று அவ்வூர்ப் பஞ்சாயத்தார் விதி செய்திருக்கிறார்கள். என் புருஷனுக்கு வாசிக்கத் தெரியாது. பேட்டைக்குள் நாலைந்து வாசல் ஏறி இறங்குவதற்குள் சேவகர்கள் பிடித்துக்கொண்டார்கள். தகரத்தில் ஒரு கைப்பிடி அரிசி இருந்தது. யாரோ ஒரு புண்ணியவதி, என்ன கேட்கிறார் என்று காதில் வாங்காமலே போட்டுவிட்டுப் போனது. அதை அவர் கீழே கொட்டவில்லை. முந்தின நாள் முதல் அவர் சாப்பிட்டிருக்கவில்லை. இதை மறைக்க எனக்கு மனமில்லை.

5. பெஞ்சுக் கோர்ட்டில் அவரை நிறுத்தியபோது நான் வெளியே ஜன்னலண்டை நின்று கேட்டேன். “வீடு வீடாகப் போனாயா?” என்றார்கள். “போனேன் சாமி” என்றார். “கேட்டாயா?” என்றார்கள். “கேட்டேன் சாமி. இன்னும் எல்லா வூட்டுலயும் கேக்கல, வுட்டா போய் கேட்டுட்டு வந்துடறேன்” என்றார். குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதிக் கிளைச் சிறைக்கு அனுப்பிவிட்டார்கள்.

6. இதற்குப் பிறகே தகவல் கிடைத்தது. திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்துக் குடியானவரான கோவிந்தம்மாள் என்பவர் பேட்டைக் கடைத்தெருவுக்கு மல்லாட்டை என்கிற வேர்க்கடலை கொண்டுவந்து விற்பவர். நான் அழுவதைக் கண்டு விசாரித்து, “அடிப் பாவமே! மாடி வூட்டுத் தெருவுல ஒரு ஊமைப் பொண்ணு மல்லாட்டை உரிச்சிக்கினு ஒக்காந்திருந்துதே. கையில தழும்புகூட இருந்துது. எந்த வூடுன்னுதான் நெனப்பு வரல, எல்லாம் ஒரே மாதிரி வாசலு” என்றார். எந்தக் கை என்று கேட்டேன். வலது கை என்றார்.

7. உடனே ஓடினேன். தெருமுனையிலேயே சேவகர் தடுத்தார். சீட்டு வாங்கிக்கொள்கிறேன் என்று பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த குமாஸ்தா கோபக்காரரல்ல, பொறுமையாகவே பேசினார். “கோயில் வசூலா, அன்னதானமா, எதுன்னு சொன்னா எழுதலாம். பொண்ணைத் தேடறதுக்கெல்லாம் சீட்டு கிடையாதும்மா” என்றார். ஊரில் வரி கட்டும் ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும் என்றும் சொன்னார். எனக்கு அந்த ஊரில் யாரையும் தெரியாது.

8. அதற்கு மறுநாள் அதே தெருவில் யுத்த நிதிக்காகப் பெரிய மனிதர்கள் மேளத்துடன் வீடு வீடாகப் போனார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. அவர்களிடம் சீட்டு இருந்தது. நான் முன்னே போய் விழுந்து, ஒவ்வொரு வாசலிலும் எனக்காக ஒரு வார்த்தை கேட்கும்படி கும்பிட்டேன். அதுவும் பொது இடத்தில் யாசிப்பதுதான் என்று சேவகர் இழுத்துவிட்டார்.

9. துரையவர்களே, எனக்கு இனிப் பொழுது இல்லை. அத்தெருவில் பாதி வீடுகளில் இருப்பவர்கள் பட்டணத்திலிருந்து பயந்து வந்து வாடகைக்குக் குடியிருப்பவர்கள். இரயிலடியில் தனியே நின்ற பிள்ளையை அவர்களில் ஒருவர் இரக்கப்பட்டு அழைத்துப் போயிருக்கலாம். அவர்களை நான் சபிக்கவில்லை, சோறு போட்டிருக்கிறார்கள். ஆனால் இப்போது பயம் தெளிந்து ஒவ்வொரு குடும்பமாகத் திரும்பிப் போகிறது. கூண்டு வண்டிகள் மூட்டைகளுடன் என் முன்னால் இரயிலடிக்குப் போகின்றன. உள்ளே இருப்பவர்கள் எனக்குத் தெரிவதில்லை. வண்டிக்குப் பின்னால் ஓடிக் கத்துகிறேன். கத்தினால் அவளுக்குக் கேட்காது என்று தெரிந்தும் கத்துகிறேன். நேற்று போன வண்டியின் பின்படுதாவுக்குக் கீழே ஒரு சிறு கால் தெரிந்தது. அது யாருடைய கால் என்று இராமுழுதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

10. ஆகையால், அந்த ஒரு தெருவில் ஒரே ஒரு நாள் நான் வாசல் வாசலாய்ப் போய்க் கேட்க உத்தரவு தர வேண்டும். நடைக்கு ஏறமாட்டேன், எதையும் தொடமாட்டேன், தண்ணீர்கூடக் கேட்கமாட்டேன். நான் போவது தகாது என்றால், தங்கள் சேவகர் ஒருவரையே அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள். நான் முனையிலேயே நின்றுகொள்கிறேன். என் புருஷன் கேட்டது பிள்ளையை மட்டுமே என்பதைக் கருதி அவரை விடுவிக்கவும் உத்தரவாக வேண்டும்.

11. உத்தரவு வரும்வரை வெறுமனே உட்கார்ந்திருக்க என்னால் ஆகவில்லை. நாளைக் காலையும் அத்தெருமுனைக்குப் போவேன். இனி வந்தால் என்னையும் பிடித்து அடைப்பதாகச் சேவகர் சொல்லியிருக்கிறார். அப்படி அடைத்துவிட்டால், என் மகள் அகப்படும்போது “என்னுடையவள்” என்று சொல்லி வாங்கிக்கொள்ள வெளியே ஒருவரும் இருக்கமாட்டார்கள். இந்த ஒன்றையாவது தாங்கள் தயவுசெய்து நினைத்துப் பார்க்க வேண்டும்.

இடம்: விழுப்புரம்
தேதி: 22 ஜூன் 1942

இப்படிக்கு,
லூர்துமேரி
(இடது கைப் பெருவிரல் ரேகை)

மனுதாரர் சொல்லச் சொல்ல எழுதி, வாசித்துக் காட்டியவன்:
கிருஷ்ணசாமி, மனு எழுதுபவன், விழுப்புரம்.