யாரும் சாகாத வீட்டுக்கு வந்த பாத்திரங்கள்

அன்பு மகன் லோரனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் நாயும் சுகம். நீ சுகமா என்பதை உன் கையெழுத்தில் பார்த்தால்தான் நம்புவேன், இப்போதெல்லாம் உன்னைப் பற்றிய செய்தி ஊரையெல்லாம் சுற்றிவிட்டுத்தான் என்னிடம் வருகிறது. சோளம் ஆள் உயரம் தாண்டிவிட்டது. நம் ஊர் ஆஸ்ட்ஃபெல்டுக்கு நூற்றைம்பது வயது ஆகிறதல்லவா, அறுவடைக்கு முன்னால் விழா. தானியக் கிடங்குக்கு எதிரே கல் நடப் போகிறார்கள். முதலில் வந்து உழுத குடும்பங்களின் பேரும், நிலம் அவர்கள் கையில் இருந்த வருஷங்களும் அதில் வரும். விழாக் குழுத் தலைவி யார் தெரியுமா, நம் பக்கத்துப் பண்ணை மார்லிஸ் ஹோஃபர். அப்போதே எனக்குச் சுருக்கென்றது. ஓடையை முதலில் கடந்தது தங்கள் வண்டிதான் என்று ஹோஃபர் வீட்டார் இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். சேற்றில் சிக்கிய அவர்கள் வண்டியை இழுத்துவிட்டதே நம் டீமன் வீட்டு எருதுகள். முன்னால் போகாத எருது பின்னால் நிற்கிற வண்டியை எப்படி இழுக்கும், நீயே சொல்.

போன செவ்வாய்க்கிழமை அந்த மார்லிஸ் ஒரு மூடிய பாத்திரத்தோடு வாசலில் நின்றாள். உருளைக்கிழங்கும் கோழியும் போட்டு மேலே சீஸ் உருக்கிச் சுட்டது. தூக்கிப் பார்த்தேன், அடியில் அவள் பேர் எழுதி ஒட்டியிருந்தது. சாவு வீட்டுக்குத்தானே நாம் அப்படி ஒட்டிக் கொடுப்போம், பாத்திரம் மாறிப்போகாமல் திரும்பி வர. யாருடி செத்தது என்று கேட்டேன். யாருமில்ல வெர்னா, சும்மா நீ ஒரு வாய் சாப்பிடட்டுமேன்னு கொண்டாந்தேன் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். சரிதான், கல்லில் தங்கள் பேரை மேலே போட்டால் நான் சண்டைக்கு வராமலிருக்க லஞ்சம் என்று நினைத்துக்கொண்டேன். சாப்பிட்டேன், உப்பு குறைவு. மறுநாள் தபால்காரர் மனைவி ஒன்று கொண்டுவந்தாள், அதற்கடுத்து போதகர். போதகருக்குக் கல்லில் என்ன அக்கறை, அவர் ஊருக்கு வந்ததே போன வருஷம். எல்லாவற்றின் அடியிலும் பேர். போதகர் வேறு என் கையைப் பிடித்து, தைரியமா இருங்கம்மா என்றார். டாக்டர் எனக்குத் தெரியாமல் இவர்களிடம் எதையாவது உளறிவிட்டாரோ என்று கண்ணாடியில் என் நாக்கை நீட்டிப் பார்த்தேன். பிறகு உனக்குத்தான் ஏதோ என்று பயந்துபோனேன். அன்றுதான் திடீரென்று போன் செய்து, இருமல் இருக்கிறதா என்று உன்னைக் கேட்டேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து காபி குடிக்கிற இடத்தில் மார்லிஸை மடக்கினேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கல்லு வெட்டுறவர் கேட்கிறார் வெர்னா, டீமன் பேருக்கு எதிர்ல கடைசி வருஷம் இந்த வருஷமா அடுத்த வருஷமான்னு, உன்கிட்ட கேட்க எனக்கு வாய் வரல என்றாள். கடைசியா, எதுக்குக் கடைசி என்றேன். உன் பையன் எங்கண்ணன் டுவேனுக்கு போன் பண்ணி, பண்ணைய ஏலம் விட எந்த மாசம் தோதுன்னு கேட்டானாமே, உனக்குத் தெரியாதா என்றாள். டுவேன் ஏலம் கூவுகிறவர், அவர் வாயில் ரகசியம் நிற்குமா. தெரியும் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் முன்னால் உன்னை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

கோபம் இல்லை என்று எழுத மாட்டேன், நிறையவே இருக்கிறது. நிலம் வேண்டாமென்றால் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துச் சொல். பாத்திரங்களைக் கழுவி, வெறுமையாய்க் கொடுக்கக் கூடாதென்று ஆப்பிள் கேக் வைத்து, எங்க வீட்ல இன்னும் யாரும் சாகல என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். கல் வெட்டுகிறவரிடமும் நானே போனேன். வந்த வருஷத்தைப் போட்டு ஒரு கோடு மட்டும் இழுங்க, அதுக்கப்புறம் இடத்தை அப்படியே விடுங்க என்றேன். அந்த இடத்துல என்னம்மா எழுதணும் என்றார். எழுதணும்னா என் பையனே வந்து உளியைப் பிடிக்கட்டும் என்றேன்.

கர்த்தர் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும், வேளைக்குச் சாப்பிடு. விழாவுக்கு வந்துவிடு. மார்லிஸின் பாத்திரத்தை மட்டும் நான் இன்னும் திருப்பவில்லை. அது உன்னால் வந்தது, நீயே கொண்டுபோய்க் கொடு.

உன் அம்மா,
வெர்னா டீமன்