கீறல் விழாத பைக்

கிழக்குத் தாம்பரம்,
ஞாயிற்றுக்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான தம்பி ஜெபகுமாருக்கு, சரோஜினி அண்ணி எழுதுவது. நீயும் ஜான்சியும் பாப்பாவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். என் போனை நீ எடுப்பதே இல்லை. இந்த வீட்டில் மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டவனுக்கு என்னிடம் என்ன வெட்கமோ! அதனால்தான் கடிதம்.

உன் காலேப் அண்ணனுக்குப் புண் ஆறிவிட்டது. ஆனால் ஒரு காலில் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை என்பது அவருக்கு இன்னும் பழகவில்லை. பாதம் அரிக்கிறது என்று கையை நீட்டித் தேடுகிறார். நான் பார்க்காதது போல அடுப்படிக்குப் போய்விடுவேன்.

நீ மாற்றல் வாங்கிக்கொண்டு மதுரைக்குப் போன பிறகு இங்கே நிலைமை மோசமாகிவிட்டது. வண்டலூரில் தண்டவாள வேலை செய்யும்போது ரயிலில் அடிபட்ட மனுஷன், பைக்கிலிருந்து விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொன்னார் இல்லையா? ஆபீஸில் அதையே பிடித்துக்கொண்டார்கள். டியூட்டியில் பட்ட அடி இல்லையாம், சொந்த விபத்தாம். லீவு தீர்ந்து சம்பளமும் நின்றுவிட்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். குடித்துவிட்டு விழுந்தார் என்று சபையிலேயே பேசுகிறார்கள், தம்பி. ஒரு சொட்டுத் தொடாத மனுஷன். எனக்கு வயிறு எரிகிறது. அந்த பைக் ஒரு கீறல்கூட இல்லாமல் வாசலில் நிற்கிறது. அதை வந்து பார்க்கத்தான் ஆள் இல்லை.

யூனியன் ராகவேந்திரா சாரிடம் போனேன். தலையில் அடித்துக்கொண்டார். எங்கே, எப்படி அடிபட்டது என்று அன்றைக்கே டாக்டரிடம் உள்ளபடி சொல்லியிருக்க வேண்டுமாம். பார்த்தவர் பெயரோடு மேலதிகாரிக்கும் எழுதிக் கொடுத்திருக்க வேண்டுமாம். இப்போதும் வழி அடைந்துவிடவில்லை, பார்த்தவர் வந்து சொன்னால் முயற்சி செய்யலாம் என்றார். அந்த இடத்தில் நீங்கள் இரண்டு பேர்தானே இருந்தீர்கள்.

ரயில் வருகிறதா என்று பார்த்து விசில் ஊதுவது அன்று உன் வேலை. ஜான்சிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று போன் வந்ததும் திரும்பி நின்று பேசினாய். எல்லாம் எனக்குத் தெரியும். பிள்ளை பிறந்த நாளிலா அவன் வேலை போகணும் என்று கேட்டு, உன் அண்ணன் என் வாயையும் அடைத்துவிட்டார். நான் இதை எழுதுவது அவருக்குத் தெரியாது. நீ வந்து சொன்னால் உனக்குத் தண்டனை உண்டு என்று தெரிந்தேதான் கேட்கிறேன். உன்மேல் கோபம் இல்லை என்றால் அது பொய். ஆனாலும் உன்னைச் சபிக்க எனக்கு நாக்கு எழவில்லை.

பாப்பா எழுந்து நிற்கிறாளாமே! அதைக் கேட்டதிலிருந்து இவருக்கு மனசு கொள்ளாத சந்தோஷம். என்னை மார்க்கெட்டுக்கு விரட்டி, நடந்தால் கீச்கீச்சென்று சத்தம் போடும் சின்ன ஷூ ஒரு ஜோடி வாங்கிவரச் செய்தார். ஊன்றுகோலுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார். எப்போது பார்சலில் அனுப்பப்போகிறாய் என்று தினமும் கேட்கிறார்.

நான் அனுப்பப்போவதில்லை. நீயே வந்து அவர் கையால் வாங்கிக்கொண்டு போ. உன் மகள் இரண்டு காலும் உறுதியாக, விழாமல் நடக்கக் கர்த்தர் கிருபை செய்வாராக.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அண்ணி சரோஜினி.