மறதிக்கு ஒரு ரத்தப் பரிசோதனை

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

இங்கே சிங்கப்பூரில் எங்கள் லேபில் இப்போது மறதி நோய்க்கும் ரத்தம் எடுக்கிறோம். மூளையில் படியும் புரதத்தின் தடயம் ரத்தத்தில் தெரிகிறது. அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்துவிட மாட்டார்கள்.

நேற்று, இங்கே தன் மகள் வீட்டுக்கு வந்திருக்கும் மரக்காணத்துப் பெரியவர் ஒருவருக்கு ரத்தம் எடுத்தேன். "எந்த ஊருப்பா நீ?" என்றார். "காணைங்க" என்று நம் ஊர்ப் பெயரைச் சொன்னேன். "அட, நம்ம பக்கந்தான்!" என்று சந்தோஷப்பட்டார். பஞ்சு வைப்பதற்குள் மறுபடி கேட்டார். கிளம்பும்போதும் கேட்டு, அதே அளவு சந்தோஷப்பட்டார். "இப்டித்தான் கேட்டுக்கினே இருக்காரு, தப்பா நினைக்காதீங்க" என்றாள் மகள். எனக்கு அது தொந்தரவாக இல்லை. இங்கே வேறு யாரும் ஊர் கேட்பதில்லை.

அம்மாவுக்கும் இந்தப் பரிசோதனையைச் செய்து பார்த்துவிடலாம். திண்டிவனத்தில் ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்புவார்களா என்று தங்கச்சியை விசாரிக்கச் சொல்லுங்கள். யாராவது இந்தப் பக்கம் வந்தால் வறுத்த மல்லாட்டை கொடுத்தனுப்புங்கள்; இங்கே கிடைக்கும் வேர்க்கடலையில் அந்த ருசி இல்லை.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது. அம்மா போனில் "சாப்ட்டியா?" என்று திரும்பத் திரும்பக் கேட்கும்போது, "அதான் சொல்லிட்டான்ல" என்று போனைப் பிடுங்காதீர்கள். கேட்கட்டும்.

உங்கள் மகன்
இளவழகன்