தெர்மாகோல் வீட்டில் இருபத்தைந்து நாள்

நெய்வேலி

அன்புள்ள மஹ்மூதாவுக்கு ஸலாம்.

வெள்ளிக்கிழமை நான் ஜும்மாவுக்குப் போயிருந்த நேரத்தில், முத்தாண்டிக்குப்பத்தில் கட்டும் வீட்டின் சுவர் பிளந்துவிட்டது. யாருக்கும் அடியில்லை, பயப்படாதே. தெர்மாகோல் அச்சுகளை அடுக்கி, நடுவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கான்கிரீட் ஊற்ற வேண்டும். நான் வருவதற்குள் முடித்துக் காட்டலாமென்று ஆட்கள் ஒரேயடியாக ஊற்றிவிட்டார்கள்.

வீட்டுக்காரர் தனகோட்டி, "இன்னா பாய், வூடு கட்டச் சொன்னா ஐஸ்பெட்டி கட்டிக்கினு இருக்கீங்க, அதுவும் ஓட்டையா!" என்றார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சுவரைச் சரிசெய்துவிட்டோம், தெர்மாகோல் சுவர் வெயில் சூட்டை உள்ளே விடாது என்று நான் சொன்னதில் அவருக்கிருந்த நம்பிக்கைதான் போய்விட்டது.

நீயும் சபீஹாவும் நலம்தானே? அவள் உயரத்தை நூலில் அளந்து அனுப்பு, சட்டை எடுக்க வேண்டும். உன் தலையணை உறை ஒன்றையும் பார்சலில் வை. துவைக்க வேண்டாம்.

பக்ரீத்துக்கு வர முடியாது. இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன், கோபப்படாதே. தனகோட்டியோடு பேசி முடித்தது இதுதான்: கத்திரி வெயில் இருபத்தைந்து நாளும் ஏசி இல்லாமல், ஒரே ஃபேனோடு நானே அந்த வீட்டில் தங்க வேண்டும். புழுங்கவில்லையென்றால் அவர் தம்பி வீட்டைக் கட்டும் வேலையும் எனக்கு. புழுங்கினால் என் செலவில் இடித்துச் செங்கல்லில் கட்டித் தர வேண்டும். நடுவில் ஒரு நாள் ஊருக்குப் போனாலும் பேச்சு செல்லாது.

உன்
மொய்னுதீன்